சுவரில் அம்மாவின் கால்கள்

முதலில் உதிர்ந்தது அம்மாவின் வலது கால் கட்டைவிரல் நகம்.

காலையில் கூடத்தைப் பெருக்கும்போது தரையில் ஒரு சில்லு கிடந்தது. முன்பக்கம் பழுப்பு. பின்பக்கம் வெள்ளைத் தூள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஐப்பசி மழையில் நான் சுவரில் வரைந்த அம்மாவின் நகம் அது.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். அம்மாவின் முகம் அப்படியே இருந்தது. தோளில் சாய்ந்திருந்த உப்பு வாரும் பலகை அப்படியே இருந்தது. தரையை ஒட்டிப் பாதங்கள் இருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

"இன்னாடி குனிஞ்சிகினு பாக்கற?" அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா."

சில்லை சுடிதார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். மரக்காணத்துக்கு வெளியே ஒரு தண்ணீர் கேன் கம்பெனியில் எனக்கு லேப் வேலை. லேப் என்றால் ஒரு மேசை, ஒரு மீட்டர், சில பாட்டில்கள். கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு எங்கள் ஊரில் கிடைப்பது இதுதான். தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்த்து எழுதுவேன். பேச வேண்டியதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவரைத் தனியாகச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் அவர் இறந்துவிட்டார் என்று அர்த்தம். உயிரோடு இருப்பவர்கள் போனில் இருக்கலாம், ஆதாரில் இருக்கலாம். சுவர் சாமிக்கும் கட்சித் தலைவர்களுக்கும் செத்தவர்களுக்கும் உரியது.

எங்கள் கூடத்தில் தாத்தா இருக்கிறார். நீலக் கோட்டு, சிவப்பு டை. பின்னால் மாடிப்படி, பக்கத்தில் பூச்சாடி. தாத்தா வாழ்நாள் முழுவதும் உப்புப் பாத்தியில் கோவணத்தோடு நின்றவர். ரேஷன் கார்டிலிருந்து தலையை எடுத்து, ஸ்டூடியோவில் தயாராக இருந்த ஏதோ ஒரு உடம்பின் மேல் வைத்துவிட்டார்கள். அதே உடம்பு எங்கள் தெருவிலேயே வேறு வீடுகளிலும் இருக்கிறது. தலை மட்டும் வேறு.

போன ஆனியில் ரேணுகா அக்கா இறந்துபோனார். அம்மாவோடு ஒரே உப்பளத்தில் கூடை சுமந்தவர். காரியத்தன்று படத்தைத் திறந்தார்கள். பட்டுப்புடவை, காசுமாலை, மோதிரம் போட்ட மெல்லிய வெளுத்த கைகள். அக்காவின் கை எப்படி இருக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அக்காவின் பேத்தி மட்டும் கேட்டாள்.

"ஆயா தலை ஏன் வேற பொம்பள மேல இருக்குது?"

யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள்.

நான் அங்கேயே முடிவு செய்தேன். அம்மாவை நான் வரைவேன். அவள் உடம்போடு, அவள் உயிரோடு இருக்கும்போதே.

வரைவது எனக்குப் பழக்கம்தான். சின்ன வயதில் காலண்டர் லட்சுமியைப் பார்த்துப் பார்த்து வரைவேன். தாமரையில் நிற்கிற அந்தக் காலில் ஒரு கோடுகூட இருக்காது. எந்தத் தரையிலும் நடக்காத கால். கல்லூரியிலிருந்து பனைமலைக் கோயிலுக்கு அழைத்துப்போனபோதுதான் வேறு மாதிரி ஒன்றைப் பார்த்தேன். பல்லவர் காலத்துச் சுவரோவியம். பெரும்பகுதி போய்விட்டது. குடைக்குக் கீழே தேவி மட்டும் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிறாள். யாருக்காகவோ காத்திருந்து களைத்தவள் மாதிரி. சுண்ணாம்புப் பூச்சின் மேல் மண் நிறங்கள் என்று உடன் வந்த மேடம் சொன்னார். பஸ்ஸுக்கு எல்லோரும் போன பிறகும் நான் அங்கே நின்றேன்.

அம்மாவைத் துணியில் வரைந்து சட்டம் போட்டிருக்கலாம். ஆனால் சட்டம் போட்டால் ஆணி வரும், ஆணி வந்தால் மாலை வரும். சுவரிலேயே வரைந்தால் மாலை தொங்க இடமில்லை. அதனால்தான் சுவர்.

மழை மாதங்களில் பாத்திகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். அளத்தில் வேலை இருக்காது. அம்மா வீட்டில் இருந்தாள். பலகையைத் தோளில் சாய்த்து நிற்கச் சொன்னேன்.

"அளத்துல நின்னா டீயாவது குடுப்பாங்க" என்றாள்.

டீ போட்டுக் கொடுத்தேன். நின்றாள். தலையில் சும்மாடு, அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, முழங்காலுக்கு ஏற்றிச் செருகிய புடவை. கணுக்கால் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குக் கீழே வந்ததும் காலை இழுத்துக்கொண்டாள்.

"கால மட்டும் மறைச்சிடு. புடவைய தரை வரைக்கும் இழுத்து வுட்டுடு."

"பாத்தியில யாரும்மா தரை வரைக்கும் புடவை கட்டுவாங்க?"

"அப்ப செருப்பு போடு. புதுசா, வார் வெச்சது."

"செருப்பு போட்டுகினா உப்பு வார்ற?"

"படம் போடும்போது மட்டும்தான்டி உனக்கு வாய் வருது" என்று உள்ளே போய்விட்டாள்.

நான் அந்தக் கால்களை வரைந்தேன். குதிகால் வெடிப்பு, வெடிப்புக்குள் வெள்ளைக் கோடு, விரல் இடுக்கில் ஆறாத புண்ணின் சிவப்பு. அந்தப் படத்தில் நான் சரியாகச் செய்த இடம் அதுதான். அம்மா பார்த்தாள். குடத்தைக் கொண்டுவந்து கால்களுக்கு முன்னால் வைத்தாள். மறுநாள் நான் நகர்த்தினேன். அவள் மறுபடி வைத்தாள். கார்த்திகை முழுக்க அந்தக் குடம் இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தது.

மழை நின்று சுவர் காயத் தொடங்கியதும் கால்கள் உதிர ஆரம்பித்தன.

அதே வாரத்தில் அம்மாவின் காலில் கண்ணாடி குத்தியது. பாத்திகளைத் தயார் செய்ய வாய்க்காலில் சேறு வாரப் போயிருந்தாள். பாட்டில் உடைந்து கிடந்திருக்கிறது. வலது கால். அவளுக்கு சர்க்கரை உண்டு. பாதம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியது. ஆஸ்பத்திரியில் சீழ் எடுத்துத் தையல் போட்டுக் கட்டுக் கட்டினார்கள். தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்றார்கள்.

பார்க்க வந்த திரௌபதி அத்தை முதலில் அம்மாவைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. பக்கத்துத் தெரு. வீட்டில் எது நடந்தாலும் அவள் சொல்லித்தான் முடியும்.

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா? உயிரோட இருக்கறவளை செவுத்துல ஏத்தாதன்னு. செத்தவங்களுக்கு மாலை போடுவோம். இவளுக்கு இன்னா போடறது, இட்லியா?"

அம்மா சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

"சிரி நீ. அங்க எந்தக் காலு உதிருது பாத்தியா? வலது காலு. இங்க எந்தக் காலு வீங்குது? டேய் ராஜாங்கம், இப்ப காலு. நாளைக்கு வயிறு, மாரு, மூஞ்சின்னு மேல ஏறினா என்னடா பண்ணுவ?"

அப்பா சுவரைப் பார்த்தார், அம்மாவின் கட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"போகிக்கு எப்படியும் வெள்ளையடிக்கணும். அப்ப எல்லாத்தையும் சேத்து அடிச்சிடறேன்."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. எனக்கு நாலு பேர் முன்னால் குரல் வராது. பாக்கெட்டில் நகச் சில்லைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

அத்தை போன பிறகு, கொப்புளத்துக்குள் இருந்த வெள்ளைத் தூளை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். முதலில் கரித்தது. பிறகு கசந்தது.

எங்கள் ஊரில் எல்லாச் சுவரிலும் உப்பு பூக்கும். காற்றே உப்பு. ஆனால் அது கரிக்கும், இப்படிக் கசக்காது. கசப்பு எங்கே இருக்கும் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். பாத்தியில் உப்பை வாரி எடுத்த பிறகு அடியில் எண்ணெய் மாதிரி கனமாக ஒரு தண்ணீர் நிற்கும். அதைக் கசப்புத் தண்ணீர் என்போம். திறந்து வெளியே விட்டுவிடுவோம். மறுநாள் தூளைக் கம்பெனிக்கு எடுத்துப்போய்க் கரைத்து, மக்னீசியத்தைக் காட்டும் மருந்தில் இரண்டு சொட்டு விட்டேன். கரைசல் கருஞ்சிவப்பாக மாறியது. மக்னீசியம். கசப்புத் தண்ணீரின் கசப்பும் அதுதான். நாக்கு சொன்னது சரி.

இந்த வீட்டைக் கட்டியது அப்பா. அரசுத் திட்டத்தில் வந்த வீடு. ஒரு மேஸ்திரியும் அப்பாவும் மட்டும் நின்று கட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பாத்தி வரப்பை மண் வைத்து அணைத்துக்கொண்டிருந்தார். சோறு எடுத்துப்போனேன். அவர் சாப்பிட்டுக் கை கழுவும் வரை காத்திருந்தேன்.

"அப்பா, கூடத்துச் செவுரு பூசறப்ப எந்தத் தண்ணி கலந்தீங்க?"

"எந்தத் தண்ணின்னா? தண்ணிதான்."

"கசப்புத் தண்ணியா?"

மண்வெட்டியை எடுத்தார். இரண்டு வெட்டு வெட்டினார். நிறுத்தினார்.

"மேஸ்திரி சொன்னானா?"

"நாக்குல வெச்சிப் பாத்தேன்."

அப்பா எங்கோ பார்த்துக்கொண்டு பேசினார். "புதுப் பாத்திய அந்தத் தண்ணி வுட்டு மிதிச்சா கல்லாட்டம் ஆயிடும். மேல வண்டியே ஏத்தலாம், பேராது. செவுரும் அப்படி நிக்கும்னு நெனச்சேன். தானே புயல்ல நம்ம குடிசை பறந்துச்சே, அப்ப நீ சின்னப் பொண்ணு. உங்கம்மா உன்னத் தூக்கிகினு பள்ளிக்கூடத்துக்கு ஓடினா. கல்யாண போட்டோவெல்லாம் அன்னிக்குப் போனதுதான். இனிமே எந்தப் புயலுக்கும் அசையக் கூடாதுன்னு, மேஸ்திரி வர்றதுக்கு முன்ன நானே மொண்டாந்து தொட்டியில ஊத்தி வெச்சேன். கூடத்துச் செவுத்துக்கு மட்டும். அதானே முக்கியமான செவுரு."

"பாத்தி எப்பவும் ஈரத்துல இருக்குதுப்பா. செவுரு காயுது. காயும்போது உப்பு வெளிய வருது. நான் வேற மேல பட்டி பூசி பெயிண்ட் அடிச்சி மூடிட்டேன். அதத் தள்ளிகினு வருது."

அவர் தலையாட்டினார். புரிந்தது என்றா, போதும் என்றா, தெரியவில்லை.

"அத்தைகிட்ட சொல்லப் போறியா?"

"நீங்க சொல்லுங்கப்பா."

அப்பா குனிந்தார். வரப்பைத் தட்டத் தொடங்கினார்.

நான் காத்திருக்கவில்லை. பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கேன் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்தேன். அந்தக் கூழைச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் வரை அப்பினேன். நல்ல தண்ணீர் உள்ளே போகும், உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும், காகிதம் அதை வாங்கிக்கொள்ளும். காய்ந்ததும் உரித்தேன். காகிதத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. மறுபடி அப்பினேன்.

கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கும் கட்டு, அவளுக்கும் கட்டா?"

"ஆமா."

"அவளுக்கு ஊசி போட்டாங்களா?"

ஒவ்வொரு முறையும் உப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் கூடவே கொஞ்சம் பெயிண்டும் வந்தது. விரல்கள் போயின, பாதம் போனது, கணுக்கால் போனது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே வெறும் சிமெண்ட்தான் இருந்தது. அம்மா சுவரில் அந்தரத்தில் தொங்கினாள். உப்பு மட்டும் நிற்கவில்லை. அந்தப் பூச்சையே பெயர்த்தால்தான் தீரும். அது அப்பாவின் பூச்சு. நான் உளியை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன்.

போகியன்று தெருவெல்லாம் டயர் புகை. அப்பா சுண்ணாம்பு வாளியோடு கூடத்துக்கு வந்தார். அத்தை அவருக்கு முன்பே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தாத்தாவைக் கழற்றித் துடைத்துக் கட்டிலில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"மூஞ்சிய மொதல்ல அடிச்சிடு. மத்ததெல்லாம் அப்புறம்" என்றாள் அத்தை.

அப்பா பிரஷ்ஷை நனைத்து எடுத்தார். நான் போய்ச் சுவருக்கு முன்னால் நின்றேன்.

"தள்ளு பாப்பா."

"மாட்டேன்."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"எதுத்துப் பேசுதுடா பொண்ணு" என்றாள் அத்தை, பேசிவிட்டதே என்ற ஆச்சரியத்தில்.

"படம் உதிர்ந்ததால அம்மா கால் வீங்கல அத்தை. கண்ணாடி குத்தி வீங்கிச்சி. படம் செவுத்துல இருக்கற உப்பால உதிருது."

"நம்மூர்ல எந்தச் செவுத்துலடி உப்பு இல்ல? என் வூட்லயும்தான் பொரிப் பொரியா பூக்குது. என் காலு நல்லாத்தானே இருக்குது?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதில் பக்கத்தில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தது. அப்பாவைப் பார்த்தேன். பிரஷ்ஷிலிருந்து சுண்ணாம்பு தரையில் சொட்டியது. நான் சொல்லவில்லை. நகரவும் இல்லை.

அம்மா கட்டிலிலிருந்து எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணி, மாமா படத்த ஒரு தடவ பாருங்க."

"ஏன், எங்கப்பாவுக்கு இன்னா?"

"அவருக்குக் காலு எங்க?"

அத்தை கட்டிலில் சாய்ந்திருந்த தாத்தாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கோட்டின் நடுப் பொத்தானோடு படம் முடிந்திருந்தது.

"ரேணுகாவுக்கும் இடுப்போட முடிஞ்சிபோச்சி. நம்ம தெருவுல செத்தவங்க ஒருத்தருக்காவது காலு இருக்குதா சொல்லுங்க. தலையும் மாரும் வெச்சி முடிச்சிடுவாங்க. அவங்க இனிமே எங்க நடக்கப் போறாங்க? இவ எனக்குத்தான் கால் போட்டா. நான்தான் வெக்கப்பட்டுகினு கொடத்த வெச்சி மறைச்சேன். இப்ப போயிடுச்சி. இப்பத்தான் எனக்குப் பாக்கறதுக்கு பயமா இருக்குது, செத்தவளாட்டம்." என் தோளில் கையை ஊன்றிக்கொண்டாள். "வெள்ளையடிக்க வேணாம். கால் போடச் சொல்லுங்க."

அத்தை வாயைத் திறந்தாள். மறுபடி தாத்தாவைப் பார்த்தாள்.

அப்பா பிரஷ்ஷை வாளியில் போட்டார்.

"தண்ணி தப்பு" என்றார்.

"எந்தத் தண்ணி?" என்றாள் அத்தை.

"இந்தச் செவுத்துக்கு நான் ஊத்தின தண்ணி. கசப்புத் தண்ணிய ஊத்திட்டேன், கெட்டியா நிக்கும்னு. அதான் உதிருது. பாப்பாவுக்குத் தெரியும். ரொம்ப நாளாத் தெரியும்."

"அட அறிவு கெட்டவனே! கசப்புத் தண்ணியிலயா வூடு கட்டுன?" அத்தைக்கு இப்போது திட்ட வேறு ஆள் கிடைத்துவிட்டது. அதை அவள் விடவில்லை. அப்பா உளியும் சுத்தியலும் எடுத்துவந்து உட்கார்ந்து பெயர்க்க ஆரம்பித்த பிறகும் திட்டிக்கொண்டிருந்தாள். போகும்போது மட்டும் என்னிடம், "கையில நாலு வளையலாவது போட்டு வுடுடி, மொட்டையா இருக்குது" என்றாள்.

அப்பா முழங்கால் வரைக்கும் பெயர்த்து எடுத்தார். செங்கல் தெரிந்தது. அதைக் கழுவிக் காயவைத்தோம். பொங்கலன்று எங்கள் கூடத்தில் சுவரின் அடிப்பகுதி செங்கலாக இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அப்பா எல்லோரிடமும் "தண்ணி தப்பு" என்றே சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கு அது சுலபமாகிவிட்டது.

புதுப் பூச்சுக்குத் தெருக்குழாயில் இரண்டு குடம் பிடித்துவந்தார். கலப்பதற்கு முன் ஒரு சொம்பில் மொண்டு என்னிடம் நீட்டினார்.

"பாரு."

பையில் மீட்டர் இருந்தது. நான் எடுக்கவில்லை. ஒரு வாய் குடித்தேன்.

"நல்ல தண்ணிப்பா."

தானும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கலந்தார்.

இந்த முறை பட்டி பூசவில்லை, கடையில் பெயிண்ட் வாங்கவில்லை. பூச்சு காயும் வரை பொறுத்திருந்து மேலே சுண்ணாம்பு பூசினேன். ஈரம் உள்ளே வந்தாலும் வெளியே போக வழி இருக்க வேண்டும். காவி, கரி, மஞ்சள் மண். பனைமலையில் நின்றது அதுதான். இங்கே நிற்குமா என்று தெரியாது. உதிர்ந்தால் மறுபடி வரைவேன். எனக்கு இங்கேதான் வேலை.

மாசியில் அம்மாவின் கால் ஆறியது. அளத்துக்குப் போகத் தொடங்கினாள். முதல் நாள் மாலை திரும்பி வந்தவள் வாசலில் நின்று கால் கழுவக் குடத்தைச் சாய்த்தாள். பாதத்தில் சாம்பல் நிறச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. கணுக்காலைச் சுற்றி வெள்ளைக் கோடு.

"கழுவாதம்மா" என்றேன்.

குடத்தை நிமிர்த்தி வைத்தாள். உள்ளே வந்து, சுவரில் தன் முழங்கால் முடிந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். தரையில் சேற்றுத் தடம் விழுந்தது. நான் கீழே உட்கார்ந்து காவியைக் குழைத்தேன்.

"வெடிப்பையும் போடுவியா?"

"போடுவேன்."

"தையல் போட்ட எடம்?"

"அதையும்."

வலது காலைக் கொஞ்சம் முன்னால் எடுத்து வைத்தாள்.

"சீக்கிரம் போடு. அரிக்குது."